மாலைப் பொழுதைப் பறித்தவர்கள்

இன்றைய இளைஞர்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்றுமில்லை, செல்போனை விட்டால் வேறு உலகம் தெரியாது. கல்யாண வீடுகளிலும் பட்டிமன்ற மேடைகளிலும் பள்ளி ஆண்டுவிழாக்களிலும் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளிலும் சலிக்காமல் ஒலிக்கும் தீர்ப்பு இது. எதிர்த்துப் பேச ஆளில்லாததாலேயே இது உண்மையின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் இதை மறுக்கிறேன்.

மறுப்பதற்கு முன் அந்தத் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவது முறை. அவர்கள் சொல்வது இதுதான்: முந்தைய தலைமுறை தபால்தலையும் தீப்பெட்டிப் படமும் சேகரித்தது. கிட்டிப்புள், கோலி, பம்பரம், பட்டம் என்று பருவத்துக்கொரு விளையாட்டு ஆடியது. கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தியது. வாடகை நூலகத்தில் காசு கொடுத்துப் புத்தகம் எடுத்துப் படித்தது. அதனால் பொறுமை வந்தது, கைத்திறன் வந்தது, பத்துப் பேரோடு ஒத்துப்போகும் பழக்கம் வந்தது. இன்றைய பிள்ளைகளோ குனிந்த தலை நிமிராமல் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். எதிலும் பத்து நிமிடம் நிலைத்து நிற்பதில்லை. இந்த வாதத்துக்குத் துணையாக எண்களும் உண்டு. கிராமப்புறக் கல்வியை ஆராயும் ‘ஏசர்’ அறிக்கை, 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும் என்று 2024இல் கண்டது. அவர்களில் முந்தைய வாரம் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 விழுக்காடு.

இதில் ஒரு பகுதி உண்மை. ரீல்ஸ் என்பது மனிதரின் கவனத்தை விடாமல் பிடித்துவைப்பதற்காகவே திட்டமிட்டுச் செய்யப்பட்ட பண்டம். அதில் மாலை முழுவதையும் தொலைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே ரசனை கெட்டுப்போனது என்று முடிவு கட்ட முடியாது. என் மறுப்புகள் ஆறு.

1. எந்தப் பொழுதை வைத்து அவர்கள் பொழுதைப் போக்க வேண்டும்?

ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, படிப்பில் ஈடுபட்டுள்ள 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் ஒரு நாளில் சராசரியாக 413 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறார்கள் என்கிறது. ஏழு மணி நேரத்துக்கு ஏழு நிமிடம்தான் குறைவு. இது நாடு தழுவிய சராசரி. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். விடிந்ததும் ஸ்பெஷல் கிளாஸ், பிறகு பள்ளி, பள்ளி விட்டதும் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம், சனிக்கிழமை தேர்வு. காலாண்டு விடுமுறையும் அரையாண்டு விடுமுறையும் பெயரளவுக்குத்தான். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதை எத்தனை பெற்றோர் தட்டிக் கேட்டிருக்கிறோம்? எடுத்துக்கொள்ளாத பள்ளியைத்தான் ‘அங்கே படிப்பு சரியில்லை’ என்கிறோம்.

ஒரு முழு ஆண்டையே விழுங்கியதும் நடந்தது. பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தன பல தனியார் பள்ளிகள். 2017-18இல் அரசு பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பள்ளிகளில் இடம் கேட்டுக் கால்கடுக்க நின்றது பெற்றோர்தான். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

வேலைக்குப் போன பிறகாவது நேரம் கிடைக்கிறதா? 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரத்தை ஆதரித்துப் பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்தது. கணக்குப் போடுவோம். ஆறு நாளில் 70 மணி நேரம் என்றால் நாளுக்கு 11 மணி 40 நிமிடம். பழைய மாமல்லபுரம் சாலையில் போக, வர இரண்டு மணி நேரம். தூக்கம் எட்டு மணி நேரம். மிச்சம் 2 மணி 20 நிமிடம். குளிப்பது, சமைப்பது, சாப்பிடுவது, துணி துவைப்பது எல்லாம் அதற்குள். 90 மணி நேரம் என்றால் நாளுக்குப் 15. பயணத்தையும் தூக்கத்தையும் கூட்டினால் 25 ஆகிவிடுகிறது, ஒரு நாளுக்குள் அடங்கவே இல்லை. இந்த யோசனைகளுக்குக் கைதட்டிய அதே நடுத்தர வயதுக்காரர்கள் இளைஞர்களுக்கு ஹாபி இல்லை என்றும் வருந்துகிறார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியதை நினைத்துப் பாருங்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் முதலில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் வேலை பார்க்கும் இருபது வயதுக்காரர்களின் மாலையை அன்று காப்பாற்றியது அந்தப் போராட்டம். ரசனை குறித்துக் கவலைப்பட்ட பெரியவர்களில் எத்தனை பேர் அதில் குரல் கொடுத்தார்கள்?

இரவு பத்தரைக்கு விடுதி அறைக்குத் திரும்பும் பெண்ணால் அந்நேரத்தில் வீணை பழக முடியாது. பக்கத்துக் கட்டிலில் அடுத்த ஷிப்டுக்காரர் தூங்குகிறார். போன் பார்க்க முடியும். அவர் செய்ததைத் தேர்வு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

2. விளையாடு என்கிறீர்கள், எங்கே?

நீந்துவதற்கு அன்றிருந்த கண்மாய்களில் பல இன்று பேருந்து நிலையமாகவும் குடியிருப்பாகவும் ஆகிவிட்டன. மிஞ்சிய ஆறுகளில் மணல் அள்ளிய குழி, சாக்கடை, சாயக்கழிவு. தெருவில் பம்பரம் விட இடமில்லாமல் இருபுறமும் கார் நிற்கிறது. அடுக்ககங்களில் ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை வைக்கும் சங்கத்தில் உறுப்பினர்களாக இருப்பது யார்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானமும் நூலகமும் வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே எழுதிவைத்திருக்கிறது. மாடிக்கட்டடத்தின் முன்னால் வண்டி நிறுத்தும் அளவே திறந்தவெளி உள்ள பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுகிறோம்.

பொது இடம் இருந்தாலும் அது நீடிக்கும் என்று சொல்வதற்கில்லை. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றம், ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் கொடுக்கவும், விளையாட வருபவர் ஒருவரிடம் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கவும் தீர்மானம் போட்டது. கடும் எதிர்ப்பு எழுந்த பிறகே கைவிட்டது. இப்போது ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் வாடகை டர்ஃப்களை ராத்திரி பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள். வேலை முடிந்த பையன்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு, மின்விளக்கின் கீழ் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். விளையாட ஆசையில்லாத தலைமுறை தன் சம்பளத்தில் மணிக்கணக்குக்கு மைதானம் வாங்குமா?

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னையில் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் இன்றுவரை கட்டுகிறோம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார இடம் தேடி அலைவது பெரும்பாலும் இளைஞர்கள். இடம் கொடுத்தால் வருகிறார்கள் என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். ஊர்ப்புற நூலகங்களோ பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் திறந்திருந்து, அவர்கள் வீடு திரும்பிச் சற்று நேரத்தில் மூடிக்கொள்கின்றன.

3. அந்தப் பொற்காலம் யாருடையது?

என் மறுப்பில் முதன்மையானது இதுதான். ஏனென்றால் அந்த நினைவுகளில் வரும் ‘நாங்கள்’ எல்லோரையும் குறிக்கவில்லை.

கிணற்றில் குதித்து நீந்திய கதையைச் சொல்பவரிடம், அந்தக் கிணற்றில் காலனிப் பிள்ளைகள் இறங்க முடிந்ததா என்று கேளுங்கள். தபால்தலை சேர்த்தவர் வீட்டுக்கு வெளிநாட்டுக் கடிதம் வந்தது, அல்லது அப்படிக் கடிதம் வரும் வீட்டாரோடு பழக்கம் இருந்தது. அதே வயதில் சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் அந்தத் தீப்பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆடு மேய்த்த, தறியில் உட்கார்ந்த, வரப்பில் கதிர் பொறுக்கிய பிள்ளைகளுக்கும் விளையாட்டு இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. ஆனால் ‘எங்கள் காலத்தில் எல்லாரும்’ என்று மேடையில் பேசுகிறவர்களின் பட்டியலில் அந்தப் பிள்ளைகளின் நாள் இல்லை.

பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியும் நொண்டியும் ஆடிய சிறுமிக்கு வயதுக்கு வந்த அன்றோடு தெரு முடிந்தது. அதன் பின் அவளுக்கு வாய்த்தவை திண்ணையில் பல்லாங்குழியும் தாயமும், அதுவும் வீட்டு வேலை முடிந்த பிறகு. அந்த வேலை இன்றும் முடியவில்லை. 2024 கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88. அண்ணன் கிரிக்கெட் ஆடிவிட்டு வரும்போது தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வீடுகளில் இருந்துதான் அந்த இனிய நினைவுகள் பாதிக்கு மேல் கிளம்பி வருகின்றன. இன்று ஒரு கல்லூரி மாணவி தன் போனில் படம் எடுக்கவும் ஆடவும் பாடவும் தொடங்கினால், ‘காட்சிப்பொருள் ஆகிறாள்’ என்று வைவதும் அதே வீடுகள்தான். தெருவுக்கு விடாதவர்கள் திரையையும் மூடச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, பறை. சாவு வீட்டில் அடித்தே தீர வேண்டும் என்று ஒரு சாதியின் தலையில் கட்டி, அடித்தவர்களை இழிவும் செய்த சமூகம் இது. கர்னாடக சங்கீதமும் பரதமும் பொழுதுபோக்குப் பட்டியலில் இருந்த காலத்தில், பறை கற்றுக்கொள்ளப் பிள்ளையை அனுப்பிய நடுத்தர வர்க்க வீடு எதையும் எனக்குத் தெரியாது. இன்று மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் ஆண்களும் பெண்களும் சனி, ஞாயிறுகளில் மொட்டைமாடியிலும் கடற்கரையிலும் பறை பழகுகிறார்கள், அடவு கட்டி ஆடுகிறார்கள். பறைக்கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன்பே அவரைப் போன்ற ஆசான்களைத் தேடிப் போனவர்கள் இந்த இளைஞர்கள். முந்தைய தலைமுறை தீட்டென்று தள்ளிய ஒரு கலையைத் தன் ஓய்வு நேரத்தைக் கொடுத்துக் கையில் எடுத்த தலைமுறைக்கு ரசனை இல்லையாம். பறை கற்றதால் சாதி ஒழிந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் தலைமுறை இதைச் செய்யவில்லை. இவர்கள் செய்கிறார்கள்.

4. இந்தக் குற்றச்சாட்டுக்கு வயது நூறுக்கு மேல்.

ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தபோது, நாவல் படித்து இளைஞர்களும் பெண்களும் கெட்டுப்போகிறார்கள் என்றுதான் பெரியவர்கள் அலறினார்கள். இன்று ‘புத்தகம் படிக்கும் பழக்கம் போய்விட்டது’ என்று அழுபவர்கள் அந்த அலறலை மறந்துவிட்டார்கள். அடுத்து சினிமாப் பாட்டு. 1952இல் ஒன்றிய அமைச்சரான பி.வி. கேஸ்கர், அது இளைஞர்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஏறக்குறைய வெளியேற்றினார். நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் அரசே விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அன்று கேஸ்கர் வெளியேற்றிய பாடல்கள் இன்று ‘காலத்தால் அழியாதவை’. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தபோது, பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்கிக் கிழித்தவர்கள் ஆசிரியர்கள். அந்தப் பிள்ளைகள் ஐம்பதைத் தாண்டியதும் அதே இதழைப் பல மடங்கு விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

முன்பு தவறியதால் இப்போதும் தவறு என்று ஆகிவிடாது என்பீர்கள். சரி. ஆனால் மூன்று முறை ஒரே காரணத்தைச் சொல்லி மூன்று முறையும் தோற்ற ஒரு தீர்ப்பு, நான்காம் முறை வரும்போது கூடுதலாக ஒரு சான்றாவது கொண்டுவர வேண்டும். நாளிதழ்களும் பட்டிமன்றங்களும் கொண்டுவருவது அதே வசனத்தைத்தான்.

5. போன் ஒரு பொழுதுபோக்கின் பெயர் இல்லை.

ஒருவர் போனில் இரண்டு மணி நேரம் இருந்தார் என்றால் அவர் என்ன செய்தார் என்பது அதில் தெரியாது. ஒருவன் சதுரங்கம் ஆடியிருக்கலாம். ஒருத்தி தான் எடுத்த படத்தை வெட்டி ஒட்டி, இசை சேர்த்து, வண்ணம் திருத்திக்கொண்டிருந்திருக்கலாம். ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊர்க் கோயிலைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கலாம். 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியம் 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது, கூலியில்லாமல், ஓய்வு நேரத்தில் எழுதியவர்களால். பறவை பார்ப்பவர்களைக் கேளுங்கள். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கரும்பு கடித்த கையோடு குளக்கரைக்குப் போய், நீர்க்காகம் எத்தனை, நாமக்கோழி எத்தனை என்று எண்ணி, ‘இ-பேர்ட்’ தளத்தில் ஏற்றுகிறவர்களில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஏராளம். அந்தப் பட்டியல் ஆராய்ச்சியாளர்களுக்குத் தரவாகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்தப் பெண்ணும் போனை நோண்டுகிறவள்தான்.

நிமிடக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. பண்பாடு, ஓய்வு, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றுக்கு மக்கள் கொடுத்த பங்கு 2019இல் ஒரு நாளின் 9.9 விழுக்காடு, 2024இல் 11. இது ஆறு வயதுக்கு மேற்பட்ட அனைவரின் கணக்கு. காலையில் குடும்பக் குழுவில் வணக்கப் படம் அனுப்பி, இரவு மெகா தொடர் முடியும் வரை அசையாத பெரியவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். திரை எல்லா வயதையும் பிடித்திருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் மட்டும் ஒரே வயதை நிறுத்துகிறோம்.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அதை நான் சாதாரணமாக விடமாட்டேன். பணம் வைத்து ஆடும் ரம்மி செயலிகள் தமிழ்நாட்டில் குடும்பங்களை அழித்தன, தற்கொலைகளுக்குக் காரணமாயின. 2022இல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. 2025இல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்துக்குத் தடையும் விதிகளாக வந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடை செய்தது. அத்தனை ஆண்டுகளும் அந்தச் செயலிகளுக்குப் புகழ்பெற்ற நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் விளம்பரத்தில் வந்தார்கள், ஊடகங்கள் அந்த விளம்பரக் காசை வாங்கின. வலை விரித்தவர்களை விட்டுவிட்டுச் சிக்கியவர்களின் ரசனையைக் குறை சொல்வது, நோயாளியை அடித்து நோயைத் தீர்க்கும் வைத்தியம்.

6. ‘இதனால் என்ன பிரயோஜனம்?’ என்ற கேள்வியே ஆர்வத்தைக் கொல்கிறது.

பிள்ளைக்கு ஹாபி வேண்டும் என்று சொல்லும் பெற்றோர் உடனே கேட்பது வகுப்பு, பயிற்சிக் கட்டணம், சான்றிதழ், பதக்கம். அபாகஸ், கீபோர்டு, கராத்தே எல்லாவற்றிலும் கிரேடு. விருப்பத்துக்குச் செய்வது என்று மிச்சமிருந்ததையும் தேர்வாக்கிவிட்டோம். தபால்தலை சேகரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு அஞ்சல் துறை 2017இல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. அதைப் பெற வினாடிவினா எழுத வேண்டும், செயல்திட்டம் சமர்ப்பிக்க வேண்டும், மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். நல்லெண்ணத்தில் வந்த திட்டம்தான். ஆனால் ஒரு சிறுவன் ஆசைக்குச் சேர்த்த தலைகளுக்கும் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

வெற்றி வந்த பிறகுதான் நமக்கு மரியாதை பிறக்கிறது. வடசென்னையில் தெருமுனைக் கேரம் கிளப் என்றால் வெட்டிப்பயல்கள் கூடும் இடம் என்றே பேச்சு. போலீஸ் அந்தப் பக்கம் வந்தால் போர்டைத்தான் முதலில் பார்க்கும். அந்தப் போர்டுகளில் இருந்துதான் இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயத்தின் சென்னை கேரம் மரபு வளர்ந்தது. ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பினார். மாலை போட்டார்கள், பரிசு கொடுத்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் அதே போர்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து ஆடித் தோற்று, பதக்கம் எதுவும் வாங்காமல், வேலைக்குப் போய்விட்டு இன்றும் மாலையில் வந்து ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்கு என்பதற்கு முழு உரிமை கொண்டாட வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களை நாம் இன்னும் வெட்டிப்பயல்கள் என்றே அழைக்கிறோம்.

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனதும் சதுரங்க வகுப்புகளுக்குப் பெற்றோர் படையெடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சாம்பியன் ஆகப்போவதில்லை. அவர்களுக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தால் போதும் என்று நினைக்கும் வீடு எத்தனை? ரேட்டிங் ஏறவில்லை என்றதும், அல்லது ஒன்பதாம் வகுப்பு வந்ததும், பலகையைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பையன் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிடக்கிறான் என்று புகார் சொல்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு ‘அப்படியானால் பிள்ளைகளைப் போனோடு விட்டுவிடச் சொல்கிறாயா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இல்லை. பள்ளி மைதானத்தை மாலை ஆறிலிருந்து எட்டு வரையும் கோடை விடுமுறை முழுவதும் திறந்துவைக்கச் சொல்கிறேன். கிளை நூலகங்கள் இரவு ஒன்பது வரை இயங்கட்டும், அதற்குரிய ஆட்களை முழுச் சம்பளத்தோடு அமர்த்தட்டும். பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு எடுப்பதைப் பெற்றோர் சங்கத்தில் எழுந்து நின்று எதிர்க்கச் சொல்கிறேன். எட்டு மணி நேர வேலையைச் சட்டத்தில் இருப்பதுபோல நடைமுறையிலும் கேட்கச் சொல்கிறேன். பையன் விளையாடப் போகும் நேரத்தில் பெண்ணும் போகட்டும், பாத்திரத்தை இருவரும் சேர்ந்து தேய்க்கட்டும். இவை எல்லாமே இளைஞர்களின் கையில் இல்லாதவை, குறை சொல்கிறவர்களின் கையில் இருப்பவை.